இவாலிஸ் நாட்டில் ஒரு தங்கவயல்காரன்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்து நண்பர்கள், வழக்கம்போல நான் தங்கவயல் வரலாற்றைத்தான் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தது, 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது என்று இவற்றையெல்லாம் நானே பல மலர்களில் எழுதித் தீர்த்துவிட்டேன். இம்முறை ஒரு மாறுதலுக்காக, செல்போனில் ஆடும் ஒரு யுத்த விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "இந்த வயதில் உமக்கு இது தேவையா?" என்று கேட்க நினைக்கும் அன்பர்கள், முழுவதும் படித்துவிட்டுக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இதில் நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் அக்காள். அவள் மகன் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். முதல் பரீட்சையில் கணக்கில் மார்க் சரிந்துவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்குக்கூடப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறதாம். "தம்பி, அந்தப் போனைப் பிடுங்கி வைக்கணுமா, வேண்டாமா? நீயே பார்த்துச் சொல்லு. நீ சொன்னா அவன் கேப்பான்" என்று தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டாள். பார்க்காத வழக்கில் எப்படித் தீர்ப்புச் சொல்வது? "எனக்கும் அதைப் போட்டுக் கொடுடா" என்று பையனிடம் என் போனை நீட்டினேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டபின் எங்களூரைக் காப்பாற்றுவது ரயில்தான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டியில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறோம். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. சிலர் சீட்டாடுவார்கள், சிலர் பஜனை பாடுவார்கள், பலர் நின்றபடியே தூங்குவார்கள். நான் எட்டு மாதம் இந்த விளையாட்டை ஆடினேன்.

விளையாட்டின் பெயர் 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்'. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997 ஜூனில் பிளேஸ்டேஷன் என்ற தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிக்காக வெளியிட்டது. கதையை எழுதி இயக்கியவர் யசுமி மட்சுனோ. இவர் அதற்கு முன்பே, 1995-ல், 'டாக்டிக்ஸ் ஓகர்' என்ற இதே மாதிரியான விளையாட்டை உருவாக்கிப் பெயர் பெற்றிருந்தார். 2007-ல் கையடக்கக் கருவிக்காகப் புதிய ஆங்கில மொழிபெயர்ப்புடன் திரும்பவும் வந்தது. அதுதான் பின்னர் செல்போனுக்கும் வந்தது. ஆண்ட்ராய்டு போனில் 2015-லிருந்து கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 30-ல் நடிகர்கள் குரல் கொடுத்த புதிய பதிப்பும் வெளிவந்துவிட்டது. நான் ஆடியது போனில் உள்ள பழையதை.

கதை நடக்கும் நாட்டின் பெயர் இவாலிஸ். இல்லாத நாடுதான். ஆனால் இங்கிலாந்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் நடந்த ரோஜாப்பூப் போர்களைப் படித்தவர்களுக்கு அதன் சாயல் தெரியும். பக்கத்து நாட்டோடு ஐம்பது ஆண்டு யுத்தம் நடந்து முடிந்திருக்கிறது. அரசன் இறந்துபோக, குழந்தை வாரிசின் பெயரால் ஆட்சியைப் பிடிக்க வெள்ளைச் சிங்கம், கருஞ்சிங்கம் என்று இரண்டு பிரபுக்கள் மோதுகிறார்கள். பெரும் பிரபு குடும்பத்தின் கடைசிப் பிள்ளை ராம்ஸா; அதே வீட்டில் வளர்ந்த, பெற்றோரைக் கொள்ளைநோயில் இழந்த ஏழைப்பையன் டெலீடா. இந்த இரண்டு நண்பர்களின் கதைதான் இது.

இதை நமக்குச் சொல்பவர் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னால் வாழும் ஒரு சரித்திர ஆசிரியர். அவர் பெயர் அராஸ்லம் துரை! அவருடைய மூதாதையரான ஒரு துரை உண்மையை எழுதி வைத்ததற்காக மதபீடம் அவரை உயிரோடு கொளுத்திவிட்டது; மறைக்கப்பட்ட அந்தச் சுவடிகளை வைத்துத்தான் கதை விரிகிறது. ஜப்பான்காரர் அந்தப் பெயரை எங்கிருந்து பிடித்தாரோ! எங்கள் லைனில் 'துரை' என்றால் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி என்றுதான் அர்த்தம். அடித்தட்டு மக்களின் கதையை ஒரு துரை எழுதி, அதற்காக நெருப்பிலும் விழுந்தார் என்று படித்ததும் ரயிலில் தனியாகச் சிரித்தேன். எதிரே இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கட்டம் கட்டமாகப் பிரித்த போர்க்களம். நம் பக்கம் பொதுவாக ஐந்து பேர் வரை. சதுரங்கம் போல, ஆடுபுலி ஆட்டம் போல, ஒவ்வொரு காயாக நகர்த்த வேண்டும். ஆனால் நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்ற கணக்கு இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம் உண்டு. அது சேர்ந்து நூறைத் தொட்டால் அவன் முறை. நகராமலோ அடிக்காமலோ சும்மா இருந்தால் அடுத்த முறை கொஞ்சம் முன்னதாக வரும். தரை சமமாக இருக்காது. கூரை, படிக்கட்டு, பாறை, ஓடை எல்லாம் உண்டு. மேட்டில் நிற்கும் வில்லாளிக்கு எட்டும் தூரம் அதிகம். முதுகுப்பக்கம் அடித்தால் தப்புவது கடினம். சிறுவயதில் சயனைடு மேட்டில் மண்ணுருண்டை எறிந்து சண்டை போட்டவர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மேலே ஏறியவன் ராஜா!

எனக்கு மிகவும் பிடித்தது மந்திரவாதிகளைக் கையாளும் விதம். மந்திரத்தைச் சொன்னவுடன் அது பலிக்காது. சில நொடி கழித்துத்தான் வெடிக்கும். அதற்குள் எதிரி நகர்ந்துவிடலாம், நம் ஆளே அந்த இடத்துக்குள் போய் நின்றுவிடலாம். நெருப்புக்கு நம்மவன் அவன்மவன் என்ற வித்தியாசம் கிடையாது. சுரங்கத்தில் திரி கொளுத்திவிட்டு ஆட்களை விலக்குவது பற்றி என் தகப்பனார் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. திரியைப் பற்ற வைப்பதில் இல்லை திறமை. அது வெடிக்கும்போது யார் எங்கே இருப்பார்கள் என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் இருக்கிறது. இதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தரமாவது சொல்வார்.

தொழில்கள் இருபதுக்கு மேல். வீரன், வில்லாளி, துறவி, திருடன், சமாதானம் பேசுகிறவன், பாட்டுக்காரன், நாட்டியக்காரி என்று வரிசை நீளும். ஒரு தொழிலில் கற்ற வித்தையை இன்னொரு தொழிலுக்கு எடுத்துப் போகலாம். வைத்தியம் கற்ற பின் போர்வீரனாகலாம், மந்திரம் கற்றுத் துறவியாகலாம். பெரும்பாலான தொழில்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதே பெரிய விஷயம் அல்லவா? அதிலும் ஒரு வேடிக்கை, ஒவ்வொருவருக்கும் ராசி உண்டு! மேஷ ராசிக்காரன் செய்வது சிம்மம், தனுசுக்காரரிடம் நன்றாகப் பலிக்கும். கடகம், மகரத்திடம் அவ்வளவாகப் பலிக்காது. ஜாதகப் பொருத்தம் பார்த்து அம்பு விடும் யுத்தத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தப் பெருமைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, என்னை இரண்டு வாரம் போனைத் தொட விடாமல் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதல் அத்தியாயத்தில் நமக்குப் பகைவர்களாக வருபவர்கள் 'பிணப்படை' என்ற கலகக்காரர்கள். யாரென்று பார்த்தால், ஐம்பதாண்டு யுத்தத்தில் நாட்டுக்காகச் சண்டை போட்ட குடியானவர்கள், கூலிக்காரர்கள். போர் முடிந்ததும் சம்பளமும் இல்லை, சன்மானமும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள்தான் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அவர்களை வேட்டையாடப் போகும் பிரபு வீட்டுப் பிள்ளை யார்? ராம்ஸா. அதாவது நான்! அவர்களில் மில்லூடா என்ற பெண், நாங்களும் மனிதர்கள்தானே என்று கேட்கிறாள். நம் பக்கத்தில் இருக்கும் ஆர்கத் என்ற பையன், நொடித்துப்போன பிரபு குலத்தவன், பிறப்பிலேயே தாழ்ந்தவர்கள் மனிதக் கணக்கிலேயே சேர்த்தி இல்லை என்று பதில் சொல்கிறான். கதை மேலே நகர வேண்டுமானால் அந்தப் பெண்ணை நாம் தோற்கடித்தே ஆக வேண்டும். வேறு வழி விடவில்லை.

நான் லைன் வீட்டில் பிறந்தவன். தட்டியும் தகரமும் வைத்துக் கட்டிய ஒற்றை அறையில் ஏழு பேர் இருந்தோம். கிஃபோர்ட் ஷாப்டில் இறங்கிய தகப்பனாரின் நம்பர் பொறித்த பித்தளை வில்லை இன்றும் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அப்படிப்பட்டவனைப் பங்களா வீட்டுப் பிள்ளையாக்கி, லைன்காரர்களை அடித்து வா என்று கத்தியைக் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? படம் பார்க்கும்போதோ நாவல் படிக்கும்போதோ அந்தக் கொடுமையைச் செய்கிறவன் வேறொருவன். நாம் பார்த்து உச்சுக் கொட்டலாம். இங்கே கட்டத்தைத் தொட்டு அம்பை விட்டது என் விரல். கிருஷ்ணராஜபுரம் வந்தது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அத்தியாயத்தின் முடிவில் டெலீடாவின் தங்கையைக் கலகக்காரர்கள் பிரபு வீட்டுப் பெண் என்று தவறாக நினைத்துப் பிணையாகப் பிடித்துப் போகிறார்கள். ஏழைப்பெண்தானே என்று ராம்ஸாவின் அண்ணனே உத்தரவிட, ஆர்கத் அவளையும் சேர்த்து அம்பெய்து கொல்கிறான். பனியில் அந்தப் பெண் விழும் காட்சி ஒரு சாண் உயரமில்லாத பொம்மைகளால் ஆனதுதான். ஆனாலும் மனதை என்னவோ செய்தது. அதன்பின் ராம்ஸா குலப்பெருமையை உதறிவிட்டு வெளியேறுகிறான். டெலீடா அதிகாரத்தைப் பிடித்தால்தான் பிழைக்கலாம் என்று வேறு பாதையில் போகிறான். சரித்திரத்தில் டெலீடாவின் பெயர் நிற்கிறது. ராம்ஸாவின் பெயரை மதத்துரோகி என்று அடித்துவிடுகிறார்கள். முடிவை இங்கே சொல்லிவிட்டால் என் மருமகன் என்னோடு பேசமாட்டான்.

குறைகளும் சொல்ல வேண்டுமல்லவா? முதலில் பெரிய குறை. இவ்வளவு துணிச்சலாகத் தொடங்கிய கதை, பாதிக்கு மேல் வழி மாறுகிறது. பன்னிரண்டு ராசிக் கற்கள், அவற்றில் குடியிருக்கும் அசுரர்கள், கற்களைத் தேடும் மதகுருமார்கள் என்று போய்விடுகிறது. கூலி கிடைக்காத குடியானவர்களைப் பற்றிப் பிறகு யார் பேசுகிறார்கள்? எனக்குத் தாளாத வருத்தம் பிணப்படைத் தலைவன் வீக்ராஃப் விஷயத்தில்தான். நியாயம் பேசிய, களவு செய்யாதே என்று தன் ஆட்களையே கண்டித்த மனிதன். தங்கை மில்லூடாவையும் இழந்து, மதபீடத்தின் ஆளாகி, கடைசியில் ஒரு கல்லோடு உடன்பாடு செய்துகொண்டு கொம்பு முளைத்த அசுரனாகிவிடுகிறான். தலைவன் அசுரனாகிவிட்டால் அவனைக் கொல்வதில் யாருக்கும் மனச்சங்கடம் இல்லை; அவன் கேட்ட கூலிக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவருக்கு இது வசதிதான். "கொள்கையை விட்டவன் எப்படி ஆவான்னு காட்டுறாங்க மாமா" என்று மருமகன் வாதாடுகிறான். இருக்கலாம். எனக்கு ஒப்பவில்லை.

பெண் பாத்திரங்களும் அப்படித்தான். இளவரசி ஒருத்தி, ராம்ஸாவின் தங்கை ஒருத்தி. இருவரையும் யாராவது தூக்கிக்கொண்டு போவதும் மற்றவர் தேடிப் போவதுமாகவே இருக்கிறது. அக்ரியஸ் என்ற வீராங்கனை அருமையான பாத்திரம்; ஆனால் நம் படையில் சேர்ந்தபின் அவள் கதையில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவள் எப்போது வேண்டுமானாலும் செத்துப்போகலாம் என்பதால் வசனம் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். 2025 பதிப்பில் இத்தகையவர்களுக்குப் போர்க்களத்தில் பேச்சுச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆட்டத்தின் சமநிலை இன்னொரு குறை. தொடக்கத்தில் டார்ட்டர் என்ற ஊரில் கூரைமேல் வில்லாளிகளை நிறுத்தி நம்மைத் திணறடிப்பார்கள். ரியோவேன்ஸ் கோட்டையில் தொடர்ச்சியாக மூன்று சண்டை. நடுவில் வீக்ராஃபோடு ராம்ஸா தனியாக மோத வேண்டும். இடையில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம், வெளியேற முடியாது. ஒரே இடத்தில் சேமித்தவர் பலம் குறைந்தவராக இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். உலகெங்கும் பலர் இந்தக் கண்ணியில் விழுந்திருக்கிறார்கள். "தனியா ஒரு சேவ் வெச்சுக்கோங்க மாமா" என்று பையன் முன்கூட்டி எச்சரித்ததால் நான் பிழைத்தேன். அவ்வளவு கடினமாக வைத்தவர்கள், கடைசிப் பகுதியில் ஓர்லாண்டோ என்ற கிழச் சிங்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் வந்தால் மற்ற நால்வரும் பாயை விரித்துத் தூங்கலாம்.

'கணக்கர்' என்றொரு தொழில் உண்டு. களத்தில் உயரம் மூன்றால் வகுபடும் இடத்தில் நிற்பவர் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மந்திரம், நிலை எண் பகா எண்ணாக இருப்பவர் அத்தனை பேருக்கும் மந்திரம் என்று வாய்ப்பாடு போட்டே எதிரிகளைத் தீர்த்துவிடலாம். திரி எரியக் காத்திருக்கவும் வேண்டாம். ஆட்டத்தின் அழகையே இது கெடுத்துவிடுகிறது. ஆனால் கணக்கில் மார்க் குறைந்த என் மருமகன் பகா எண்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான் என்பதை அக்காளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

மொழி விஷயம். முதல் ஆங்கிலப் பதிப்பின் மொழிபெயர்ப்பு கேலிக்குள்ளான ஒன்று. 2007-ல் அதைத் திருத்துகிறோம் என்று ஷேக்ஸ்பியர் காலத்து நடைக்குப் போய்விட்டார்கள். படிக்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மூன்று தரம் அகராதியைப் புரட்டாமல் ஒரு காட்சியைக் கடந்ததில்லை. மருமகன் தன் காலேஜுக்கு எழுதிய லீவு லெட்டரில் 'பிசீச்' என்று எழுதி, லெக்சரர் இவனை எழுப்பி நிறுத்தி அர்த்தம் கேட்டாராம். சரியாகச் சொல்லியிருக்கிறான்! தமிழில் இப்படி ஒன்று வராதா என்ற ஏக்கம் எனக்கு. நம்மிடம் இல்லாத யுத்தமா, இல்லாத துரோகமா? தங்கவயலைப் பற்றிக் கன்னடத்தில் 2018-ல் வந்த படத்தை உலகமே பார்த்தது. அதில் தங்கவயலைத் தேடித் தேடிப் பார்த்தும் எங்கள் லைனை நான் காணவில்லை என்பது வேறு கதை.

போனில் இதற்கு ஒரு தடவை காசு கொடுத்தால் போதும். நடுவில் விளம்பரம் வராது, வாளுக்கு இவ்வளவு, கேடயத்துக்கு இவ்வளவு என்று திரும்பத் திரும்பக் கேட்காது. இந்தக் காலத்துப் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் எழுத்து பொடி எழுத்து. ஓடும் ரயிலின் குலுக்கலில் என் தடித்த விரல் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டு, வைத்தியனை எதிரி நடுவில் கொண்டுபோய் நிறுத்திய சந்தர்ப்பங்களும் உண்டு.

தீர்ப்புச் சொல்லும் நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அக்காள் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் அவள் கைக்கு வந்துவிட வேண்டும், பரீட்சை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடலாம், பிடுங்க வேண்டாம் என்றேன். பையன் தலையாட்டினான். "நீ எட்டு மாசம் ஆடிட்டு இதைத்தான் கண்டுபிடிச்சியா?" என்றாள் அக்காள்.

அப்போதுதான் அவன் போனில் ஒன்றைக் கவனித்தேன். படைக்கு ஆள் சேர்க்கும் இடத்தில் ஆட்களுக்கு நாம் பெயர் மாற்றலாம். இவனுடைய வில்லாளியின் பெயர் 'தாத்தா'.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். களத்தில் ஒருவன் விழுந்தால் தலைக்குமேல் மூன்று என்று எண் தோன்றும். அவன் முறை வரவர அது இரண்டு, ஒன்று என்று குறையும். அதற்குள் யாராவது போய் எழுப்பாவிட்டால் அவன் படிகமாகவோ புதையல் பெட்டியாகவோ மாறிவிடுவான். படிகமானால் அவன் கற்ற வித்தையை இன்னொருவன் எடுத்துக்கொள்ளலாம், அவன் திரும்ப வரமாட்டான். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் கீழே பாறை வெடித்தது. ஏர் பிளாஸ்ட் என்போம். லைன் வீடுகளில் பாத்திரமெல்லாம் குலுங்கி விழுந்தன. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஷாப்ட் வாசலுக்கு ஓடினாள். கூண்டு மேலே வந்து வந்து போயிற்று. அக்காள் வந்தவர்களை எண்ணிக்கொண்டே நின்றாள். அப்பா கடைசிக்கு முந்தின கூண்டில் வந்தார்.

"தாத்தா விழுந்தா என்னடா செய்வே?" என்று கேட்டேன்.

"மத்தவங்க போனா சரின்னு விட்ருவேன் மாமா. தாத்தா போயிட்டா மட்டும் பழைய சேவ்ல இருந்து மறுபடி ஆடுவேன். ஒரு தரம் ஒம்பது வாட்டி ஆடினேன். அன்னிக்குத்தான் அம்மா போர்வைய இழுத்தாங்க."

அக்காள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எங்கேடா, காட்டு" என்றாள். அவன் காட்டினான். கூரைமேல் வில்லோடு நிற்கும் கட்டைவிரல் உயர உருவம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கப்பாவுக்கு இவ்வளவு நல்ல சட்டை எங்கேடா இருந்துச்சு?" என்றாள்.